காசு எங்கிருந்து வந்தது? விக்டோரியா கால நாவல்களைப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தபோது எங்கள் வகுப்பில் ஒரு ஜெராக்ஸ் கட்டு கைமாறிக்கொண்டே இருந்தது. எந்த நாவலை எடுத்தாலும் அதில் மூன்றே தலைப்பு: பாத்திரப் படைப்பு, கருப்பொருள், சமூகப் பின்னணி. முதல் தலைப்பின் கீழ் கதாநாயகனுக்கு ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் இருக்கும். இரண்டாவதில் காதல், வறுமை, வர்க்க பேதம் என்று நாலைந்து சொற்கள். மூன்றாவதில் தொழிற்புரட்சியைப் பற்றி ஒரு பத்தி. அதே பத்தியை டிக்கன்ஸுக்கும் எழுதலாம், ஹார்டிக்கும் எழுதலாம். நானும் எழுதினேன், மார்க்கும் வந்தது.

தேர்வெல்லாம் முடிந்து பல வருடம் கழித்து அதே நாவல்களைச் சும்மா படிக்க எடுத்தபோதுதான் ஒன்று உறைத்தது. இந்த ஆட்கள் எல்லோரும் சதா காசுக் கணக்கிலேயே இருக்கிறார்கள். யாருக்கு வருடத்துக்கு எத்தனை பவுண்டு, யார் சொத்து யாருக்குப் போகும், யார் யாருக்குக் கடன் என்பதெல்லாம் காதல் காட்சியில்கூட ஓடிக்கொண்டிருக்கிறது. 'இவர் கையிலிருக்கும் காசு எங்கிருந்து வந்தது?' என்று ஒவ்வொருவரைப் பற்றியும் கேட்டுக்கொண்டே போனால், ஆள் எப்படி, நாவல் எதைப் பற்றியது, அன்றைய சமூகத்துக்கு எங்கே வலித்தது என்ற மூன்று கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் கிடைத்துவிடுகிறது. அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்றுதான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன். கதை முடிவுகளும் இடையில் வரும். அது பிடிக்காதவர்கள் நாவலைப் படித்துவிட்டு வாருங்கள்.

முதல் படி: ஒரே ஒரு நாவலை எடுங்கள்

விக்டோரியா மகாராணி 1837 முதல் 1901 வரை ஆண்டார். டிக்கன்ஸ், தாக்கரே, பிரான்டே சகோதரிகள், எலிசபெத் காஸ்கெல், ஜார்ஜ் எலியட், தாமஸ் ஹார்டி எல்லோரும் இந்தக் காலத்துக்குள் வருகிறார்கள். பட்டியலைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஒரு நாவலை ஒழுங்காகப் படித்தவருக்கு மற்றவை தானாகத் திறக்கும்.

நான் சொல்வது டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'. துணைக்கு சார்லட் பிரான்டேயின் 'ஜேன் ஐர்'. இரண்டும் அநாதைக் குழந்தையின் கதை, இரண்டையும் அந்தக் குழந்தையே வளர்ந்தபின் சொல்கிறது, இரண்டிலும் எங்கிருந்தோ ஒரு சொத்து வந்து விழுகிறது. சின்னப் புத்தகம் என்பதற்காக 'ஹார்ட் டைம்ஸ்'இல் தொடங்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. டிக்கன்ஸின் சிரிப்பு அதில் குறைவு. அவரைச் சிரிப்பு வழியாகத்தான் முதலில் பழக வேண்டும்.

சுருக்கப் பதிப்பு மட்டும் வேண்டாம். சுருக்குபவர் முதலில் வெட்டுவது, கதாநாயகன் பிப்பை வளர்த்த அக்கா கணவர், கொல்லர் ஜோவின் தொப்பி கணப்பு மேடையிலிருந்து விழுந்துகொண்டே இருக்கும் காட்சி மாதிரியான இடங்களைத்தான். நமக்கு வேண்டியதே அதுதான். முழு நூலும் புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மொத்தம் 59 அத்தியாயம். ஒரு நாளைக்கு இரண்டு வைத்துக்கொண்டால் ஒரு மாதம். முதல் வாசிப்பில் தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டாதீர்கள். ஒரு வாக்கியம் பத்து வரி ஓடுகிறதா, எழுவாயையும் பயனிலையையும் பிடித்துக்கொண்டு தாண்டிவிடுங்கள்.

இரண்டாவது படி: நோட்டில் நான்கு பத்தி

ஒரு நீள நோட்டை எடுத்துப் பக்கத்தை நான்கு பத்தியாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். காசு, கூப்பிடும் விதம், வீடு, கை. இவ்வளவுதான். படிக்கும்போது இந்த நாலில் எது வந்தாலும் அத்தியாய எண்ணோடு ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். விளக்கம் எழுத வேண்டாம், இப்போதைக்குக் குறிப்பு போதும்.

ஏன் கை? பிப்பின் முரட்டுக் கைகளை, பணக்கார மிஸ் ஹாவிஷாமின் வளர்ப்பு மகள் எஸ்டெல்லா கேலி செய்கிறாள். வக்கீல் ஜாகர்ஸ் ஒவ்வொரு கட்சிக்காரர் போனபிறகும் வாசனை சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார். அவர் வீட்டு வேலைக்காரி மாலியின் கைகளைப் பார்த்துத்தான் பெரிய ரகசியம் ஒன்று உடைகிறது. இந்த நாவலில் ஒருவர் என்ன வேலை செய்கிறார், எந்த வேலையை மறைக்கிறார் என்பதைக் கை காட்டிக்கொடுத்துவிடும். வேறு நாவலை எடுத்தால் கைக்குப் பதில் வேறு எதையாவது வைத்துக்கொள்ளலாம். 'ஜேன் ஐர்' என்றால் நெருப்பு.

காசுக்குக் கொஞ்சம் வாய்ப்பாடு வேண்டும். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, 21 ஷில்லிங் ஒரு கினி. இன்றைய ரூபாய்க்கு மாற்றிப் பார்ப்பதில் பயன் இல்லை. நாவலுக்குள்ளேயே ஒப்பிடுங்கள். ஜேனுக்கு லோவுட் பள்ளியில் ஆசிரியை சம்பளம் வருடத்துக்கு 15 பவுண்டு. தார்ன்ஃபீல்டு மாளிகையில் குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க 30. கடைசியில் அவளுக்கு வரும் சொத்து 20,000. முப்பது பவுண்டு வேலையில் இருப்பவள் 666 வருடம் உழைத்தால் அந்தத் தொகை சேரும். இந்தக் கணக்கைப் போட்டதும் அவள் ஏன் அதை நான்கு பங்காக்கி, தன்னோடு மூன்று உறவினர்களுக்குமாக ஆளுக்கு 5,000 என்று பிரிக்கிறாள் என்பது வெறும் நல்ல மனசாகத் தோன்றாது. அத்தனை பெரிய பணம் அவளுக்குப் பயமாகவும் இருந்திருக்கும்.

மூன்றாவது படி: வரவுசெலவு எழுதுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பிப்பின் கணக்கை நானே ஒருமுறை போட்டுக் காட்டுகிறேன்.

முதல் அத்தியாயத்தில் பிப் கல்லறைத் தோட்டத்தில், தப்பி வந்த கைதி மேக்விட்சிடம் மாட்டுகிறான். அவருக்குச் சாப்பாடும் ஓர் அரமும் திருடிக் கொடுக்கிறான். இதுதான் முதல் 'முதலீடு', ஆனால் அப்போது அவனுக்கே தெரியாது. பத்தாவது அத்தியாயத்தில் மதுக்கடையில் ஒரு முன்பின் தெரியாத ஆள் அதே அரத்தால் கோப்பையைக் கலக்கிக்கொண்டே பிப்புக்கு ஒரு ஷில்லிங் தருகிறான். சுற்றியிருக்கும் காகிதத்தைப் பிரித்தால் இரண்டு ஒற்றைப் பவுண்டு நோட்டு. ஜோ அதைத் திருப்பிக் கொடுக்க ஓடுகிறார், ஆளைக் காணவில்லை. அக்கா அதைக் காய்ந்த ரோஜா இதழ்களுக்கு அடியில், அலங்காரத் தேநீர்க் குடுவைக்குள் வைத்துவிடுகிறாள். இருபத்தெட்டாவது அத்தியாயத்தில், இப்போது லண்டன் ஜென்டில்மேனாகிவிட்ட பிப் கோச்சு வண்டியில் போகும்போது பின்னால் உட்கார்ந்திருக்கும் கைதி அதே இரண்டு நோட்டுகளின் கதையை யாரிடமோ சொல்கிறான். பிப்புக்கு வேர்த்துவிடுகிறது. முப்பத்தொன்பதில், புயலடிக்கும் ராத்திரியில் மேக்விட்ச் வந்து நிற்கிறார். பிப் கண்ணியமாகக் கடனைத் தீர்ப்பதாக நினைத்து இரண்டு புதிய நோட்டுகளை நீட்டுகிறான். அவர் அதை நீளவாக்கில் மடித்து, முறுக்கி, விளக்கில் காட்டி எரித்துவிடுகிறார். அதன்பிறகுதான் பிப்பை ஜென்டில்மேனாக்கிய பணம் முழுக்க யாருடையது என்பது வெளியே வருகிறது.

பார்த்தீர்களா? இரண்டு நோட்டுகளைத் தொடர்ந்து போனாலே நாவலின் முதுகெலும்பு கையில் கிடைத்துவிட்டது.

மற்ற பதிவுகளையும் சேருங்கள். மிஸ் ஹாவிஷாம் பிப்பின் தொழிற்பயிற்சிக்காக ஜோவிடம் தரும் 25 கினி. பிப்பை லண்டனுக்கு அழைத்துப்போக வரும் ஜாகர்ஸ் நஷ்ட ஈடு தரட்டுமா என்று கேட்கும்போது ஜோ மறுப்பது. அங்கே காசுப் பத்தியில் ஒரு கோடு போட்டு 'மறுத்தார்' என்று எழுதுங்கள். இருபத்தொரு வயதில் கிடைக்கும் 500 பவுண்டில் பாதியைப் பிப் ரகசியமாக நண்பன் ஹெர்பர்ட்டின் தொழிலுக்குப் போடுவது. அந்த ஏற்பாடு முடிய மிஸ் ஹாவிஷாம் தரும் 900. கடைசியில் நகைக்கடைக் கடனுக்காகப் பிப்பைக் கைது செய்ய வரும்போது சொல்லப்படும் தொகை: 123 பவுண்டு, 15 ஷில்லிங், 6 பென்ஸ். எத்தனை துல்லியமான தொகை, பாருங்கள். கனவு கலைந்ததும் பென்ஸ்வரை எண்ணிக் கேட்கிறார்கள்.

அந்தக் கடனை யார் அடைத்தார்? காய்ச்சலில் கிடந்த பிப்புக்குப் பணிவிடை செய்துவிட்டு, அவன் தேறியதும் விடியற்காலையில் சொல்லாமல் ஊர் திரும்பிய ஜோ. ஒரு சின்னக் கடிதத்தோடு ரசீதை விட்டுப் போயிருக்கிறார். மேக்விட்சின் சொத்து முழுவதும் அரசுக்குப் போய்விட்டது. மிஸ் ஹாவிஷாமிடம் பிப் தனக்கென்று எதுவும் வாங்கவில்லை. கொல்லுப்பட்டறையில் சம்மட்டி அடித்துச் சேர்ந்த காசு ஒன்றுதான் கடைசிவரை அவனைக் கைவிடவில்லை.

நான்காவது படி: பாத்திரத்தை எடைபோடுவது

'ஜோ நல்லவர், எளியவர், அன்பானவர்' என்று எழுதினால் அது ஜெராக்ஸ் கட்டு. ஒரு காட்சியை எடுத்து, அதில் அவர் எப்படிப் பேசுகிறார், யாரை எப்படி அழைக்கிறார் என்று பாருங்கள். இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு வசதி இருக்கிறது. நீ, நீங்கள், அவன், அவர் என்று நாள் முழுக்க அளந்து பேசிப் பழகிய காது நமக்கு. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ'தான். மரியாதை வேறு வழியில் வெளிப்படும். அதை நாம் சட்டென்று பிடித்துவிடலாம்.

இருபத்தேழாவது அத்தியாயம். ஜோ லண்டனுக்குப் பிப்பைப் பார்க்க வருகிறார். வரும் செய்தி கிடைத்தபோதே, காசு கொடுத்து அவரை வராமல் தடுக்க முடியுமென்றால் கொடுத்திருப்பேன் என்று பிப்பே ஒப்புக்கொள்கிறான். காசுப் பத்தியில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். தொகை இல்லாத பதிவு. ஜோ உள்ளே வருகிறார். தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கணப்பு மேடையில் வைக்கிறார், அது விழுகிறது, பிடிக்கிறார், மறுபடி விழுகிறது. வளர்த்த பையனை 'சார்' என்று கூப்பிடுகிறார். என்னைப் போய் சார் என்கிறாயே என்று பிப் எரிச்சல்படுகிறான். அந்த எரிச்சலிலேயே அவன் ஜென்டில்மேன்தனம் தெரிகிறது. ஆனால் கிளம்பும் நேரத்தில் ஜோ நிமிர்ந்துவிடுகிறார். வாழ்க்கை என்பது பல பிரிவுகளைப் பற்றவைத்துச் செய்தது, ஒருவன் இரும்புக் கொல்லன், ஒருவன் தங்கக் கொல்லன் என்று தன் பட்டறை மொழியில் பேசுகிறார். அப்போது 'சார்' இல்லை, பழைய 'பிப்'தான். தொப்பியால் தடுமாறிய மனிதருக்குத் தன் தொழிலின் சொற்கள் வந்ததும் தடுமாற்றம் போய்விட்டது. ஜோவைப் பற்றி எழுத இந்த ஒரு காட்சி போதும்.

சரி, நம் கையையும் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். என் பழைய நோட்டில் ஜாகர்ஸ் 'அவர்', ஜோ 'அவன்'. யாரும் சொல்லித்தரவில்லை, பேனா தானாக எழுதியது. இப்போது ஜோவுக்கு 'அவர்' போடுகிறேன். பிப்புக்கு இன்னும் 'அவன்'தான்.

முதல் நபரில் சொல்லும் கதைகளில் இன்னொரு விஷயத்தை மறக்கக் கூடாது. 'நான்' என்பது இரண்டு ஆட்கள். அனுபவித்த சிறுவன் ஒருவன், பல வருடம் கழித்து உட்கார்ந்து எழுதுபவர் ஒருவர். ஜோவைப் பார்த்து வெட்கப்பட்டது முன்னவன். அந்த வெட்கத்தை நமக்குச் சொல்லி வெட்கப்படுவது பின்னவர். 'பிப் நன்றி கெட்டவன்' என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதினால் பின்னவரைக் கவனிக்காமல் விட்டதாக ஆகும்.

டிக்கன்ஸின் பாத்திரங்கள் தட்டையானவை, ஒரே குணத்தில் அடங்குபவை என்று ஒரு பழைய குறை உண்டு. ஜாகர்ஸின் குமாஸ்தா வெமிக்கை வைத்துச் சோதியுங்கள். அலுவலகத்தில் அவர் வாய் தபால் பெட்டித் துளை மாதிரி. எடுத்துப்போகக்கூடிய சொத்தாகச் சேர்த்துக்கொள் என்பதே உபதேசம். வால்வொர்த்தில் வீட்டுக்குப் போனால் குட்டிக் கோட்டை, இழுவைப் பாலம், காது கேளாத கிழட்டு அப்பாவைக் கொஞ்சும் மகன். இரண்டு வெமிக்கும் தனித்தனியே தட்டைதான். ஒரே மனிதர் வேலைக்கு ஒருவராகவும் வீட்டுக்கு ஒருவராகவும் இரண்டாகப் பிளந்து வாழ வேண்டியிருந்தது என்பதுதான் அங்கே டிக்கன்ஸ் சொல்லும் செய்தி. ஜார்ஜ் எலியட் வேறு வழியில் போவார். 'மிடில்மார்ச்'சின் இருபத்தொன்பதாவது அத்தியாயத்தில், கதாநாயகி டொரோத்தியாவைப் பற்றி ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு, எப்போதும் இவள் பக்கமே ஏன் பேச வேண்டும் என்று தானே நிறுத்தி, அவள் கணவர், நமக்குப் பிடிக்காத கிழவர் கசாபனின் மனத்துக்குள் நுழைந்துவிடுவார். இரண்டில் எது உயர்ந்தது என்ற பட்டிமன்றம் வேண்டாம்.

ஐந்தாவது படி: கருப்பொருள் ஒரு சொல் ஆகாது

'தீம்' என்பதைக் கருப்பொருள் என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். தொல்காப்பியத்தில் கரு என்றால் வேறு: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் என்று ஒரு நிலத்தில் இருக்கும் பொருள்கள். புணர்தல், பிரிதல் போன்ற மன ஒழுக்கத்துக்குப் பெயர் உரிப்பொருள். ஆங்கிலக்காரர் 'தீம்' என்பது கிட்டத்தட்ட இந்த உரிக்குத்தான் பக்கம். மொழிபெயர்ப்பு தப்பு என்று சண்டை போட வரவில்லை. பழைய வரிசை விக்டோரியா நாவலுக்கும் உதவுகிறது என்கிறேன். சதுப்புநிலம், அரம், கால்விலங்கு, நின்றுபோன கடிகாரம், பவுண்டு நோட்டு ஆகிய கருவைப் பட்டியல் போட்டுவிட்டு உரிக்குப் போங்கள்.

அப்படிப் போகும்போது ஒற்றைச் சொல்லில் நிற்காமல் முழு வாக்கியமாக எழுதுங்கள். 'செல்வம்' என்று எழுதினால் அது தலைப்பு மட்டும்தான். 'ஜென்டில்மேனின் மேசைக்குக் காசு கொடுப்பவர்கள் அந்த மேசையில் உட்காரத் தகுதி இல்லாதவர்களாகக் கருதப்படுகிறார்கள்' என்று எழுதினால் அது வாதம். ஜென்டில்மேன் என்ற சொல்லையும் கவனியுங்கள். தமிழில் அது நாணயமானவர் என்ற பொருளில் புழங்குகிறது. அன்றைய இங்கிலாந்தில் பிழைப்புக்காகக் கைவேலை செய்ய வேண்டியிராதவர் என்பது அதன் முக்கியமான அர்த்தம். இரண்டு அர்த்தங்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் பிப்பின் கதை நடக்கிறது.

வாக்கியம் எழுதியாயிற்றா, இப்போது அதை உடைக்கப் பாருங்கள். காசு எல்லாரையும் கெடுக்கிறது என்று எழுதியிருந்தால், ஹெர்பர்ட்டுக்குப் பிப் செய்த ரகசிய உதவியை என்ன செய்வீர்கள்? அதே அழுக்குப் பணத்தில்தானே அது நடந்தது? வாக்கியத்தைத் திருத்த வேண்டிவரும். திருத்தியதுதான் நல்ல வாக்கியம்.

ஆறாவது படி: மூன்று தேதிகள்

சமூகப் பின்னணிக்கு வருவோம். ஒவ்வொரு நாவலுக்கும் மூன்று தேதிகளை எழுதுங்கள்: கதை நடக்கும் காலம், எழுதிய காலம், தொடர்பான சட்டம் வந்த காலம். 'மிடில்மார்ச்' 1871-72இல் வெளியானது; கதையோ வாக்குரிமையை விரிவாக்கிய 1832ஆம் ஆண்டு சீர்திருத்தச் சட்டத்துக்கு முந்தைய மூன்று வருடங்களில் நடக்கிறது. 'ஆலிவர் ட்விஸ்ட்' 1837இல் தொடராக வர ஆரம்பித்தபோது, ஏழைகளைப் பணி இல்லங்களில் அடைத்த 1834ஆம் ஆண்டு ஏழைகள் சட்டம் சூடான பிரச்சினை. ஒன்று நினைவு, மற்றது செய்தி. இரண்டையும் ஒரே மாதிரி வாசிக்க முடியாது.

சட்டம் என்றதும் மிரள வேண்டாம். காசுப் பத்தியில் எங்கே நெருடுகிறதோ அங்கே மட்டும் தேடினால் போதும். மேக்விட்சின் பணம் ஏன் அரசுக்குப் போயிற்று? பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றவரின் சொத்து பறிமுதலாகும் என்பது அன்றைய சட்டம். அது 1870இல்தான் ஒழிந்தது. 'ஹார்ட் டைம்ஸ்'இல் ஆலைத் தொழிலாளி ஸ்டீபன் பிளாக்பூல் குடிகார மனைவியிடமிருந்து விடுதலை கேட்டு முதலாளியிடம் வருகிறார். அதற்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு பவுண்டு, ஏன், இரட்டிப்புகூட ஆகலாம் என்கிறார் முதலாளி பவுண்டர்பி. நாவல் 1854. விவாகரத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்த சட்டம் 1857. பணக்காரருக்கு ஒரு சட்டம், ஏழைக்கு ஒரு சட்டம் என்று நாம் பொதுவாகப் புலம்புவதை டிக்கன்ஸ் விலைச்சீட்டோடு காட்டிவிட்டார்.

மிக வளமான இடம் 'ஜேன் ஐர்'. 1870, 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரும்வரை, தனியே ஏற்பாடு எழுதிக்கொள்ளாவிட்டால், கல்யாணமான பெண்ணின் பணமும் சம்பாத்தியமும் கணவனுக்கே. நாவல் 1847. இந்த ஒரு செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி படியுங்கள். முதல் அத்தியாயத்திலேயே அத்தை மகன் ஜான் ரீட், நீ அண்டிப் பிழைப்பவள், உன்னிடம் காசில்லை, எங்கள் புத்தகத்தைத் தொடாதே என்கிறான். கல்யாணம் நிச்சயமானதும் தார்ன்ஃபீல்டு எஜமானர் ராச்செஸ்டர் பட்டும் நகையுமாக வாங்கிக் குவிக்கப் பார்க்கிறார். ஜேனுக்கு உடம்பு கூசுகிறது. பாடம் சொல்லிக்கொடுத்து என் முப்பது பவுண்டை நானே சம்பாதிப்பேன் என்கிறாள். தன்னுடைய காசு என்று கொஞ்சம் இருக்கட்டும் என்று மதேராத் தீவிலிருக்கும் சித்தப்பாவுக்குக் கடிதம் எழுதுகிறாள். அந்தக் கடிதத்தால்தான் செய்தி, ராச்செஸ்டருக்கு ஏற்கெனவே இருக்கும் மனைவி பெர்த்தாவின் சகோதரர் மேசன் காதுக்குப் போய், கல்யாணம் தேவாலயத்திலேயே நிற்கிறது. தன் காலில் நிற்க ஆசைப்பட்டதே கதையைத் திருப்பிவிட்டது.

அடுத்து, மாடியில் அடைபட்டிருக்கும் பெர்த்தா. ஜமைக்காவில் பிறந்தவர். அவரோடு வந்த சீர் 30,000 பவுண்டு. நிலத்தைப் பிரிக்க மனமில்லாத ராச்செஸ்டரின் அப்பா எல்லாவற்றையும் மூத்தவனுக்கு வைத்துவிட்டு, இளையவனுக்கு இந்தப் பணக்காரச் சம்பந்தத்தைப் பார்த்தார். ஜமைக்காவில் அந்தக் காலத்துப் பெரும் செல்வம் அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. காசு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இங்கிலாந்து மாளிகையின் வரவேற்பறையிலிருந்து கரும்புத் தோட்டம்வரை போகிறது. நாவல் இதை உரக்கச் சொல்வதில்லை. அதனால்தான் ஜீன் ரீஸ் 1966இல் 'வைட் சர்காசோ சீ' என்று பெர்த்தாவின் பக்கத்துக் கதையை எழுதினார். இலக்கிய விமர்சகர் காயத்ரி ஸ்பிவாக் 1985இல் எழுதிய கட்டுரையும் இந்தப் புள்ளியைத்தான் பிடித்தது. முதலில் நாவல், பிறகு ரீஸ், அப்புறம் ஸ்பிவாக் என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

நாமும் அந்த நாவலில் ஓரமாக வருகிறோம். மதபோதகராக இந்தியா வரத் துடிக்கும் செயின்ட் ஜான், ஜேனைக் கட்டிக்கொண்டு கூட்டிவரத் திட்டமிட்டு, ஜெர்மன் படிப்பதை விட்டுவிட்டு இந்துஸ்தானி படி என்கிறார். நாவலின் கடைசி வரிகள்கூட அவர் இந்தியாவிலிருந்து எழுதிய கடிதத்தில் போய் முடிகின்றன. இங்கே உட்கார்ந்து படிக்கும் நமக்கு அந்தப் பக்கத்தில் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். அந்த உணர்வைக் கட்டுரையில் மறைக்க வேண்டியதில்லை.

ஏழாவது படி: புத்தகத்துக்கு விலை என்ன?

நாவலும் ஒரு சரக்கு. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்றைய வழக்கப்படி மூன்று தொகுதி நாவலின் விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். முப்பது பவுண்டு வாங்கும் ஜேனுக்கு அது ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். ஆகவே சொந்தமாக வாங்கியவர்கள் குறைவு. வருடத்துக்கு ஒரு கினி சந்தா கட்டி மியூடி வாடகை நூலகத்தில் எடுத்துப் படித்தார்கள். குடும்பத்தில் எல்லோரும் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று அந்த நூலகம் பார்த்துப் பார்த்து வாங்கியது. அந்தப் பயம் எழுத்தாளரின் பேனாவரை வந்தது.

இன்னொரு வழி பத்திரிகைத் தொடர். 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' 1860 டிசம்பரிலிருந்து 36 வாரம், டிக்கன்ஸின் சொந்த வார இதழில் வந்தது. இதழ் விலை இரண்டு பென்ஸ். இதழில் ஓடிக்கொண்டிருந்த வேறொருவரின் தொடர் எடுபடாமல் விற்பனை சரிந்ததால் அவசரமாகத் தொடங்கியது அது. தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு அத்தியாய முடிவுகளின் கொக்கி சட்டென்று பிடிபடும். ஹார்டியின் 'டெஸ்' தொடராக வந்தபோது நடந்தது இன்னும் வேடிக்கை. வெள்ளத்தில் நிற்கும் பால்காரப் பெண்களை ஏஞ்சல் கிளேர் கையில் தூக்கிக் கடத்திவிடும் காட்சி, பத்திரிகைக்காகத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிப்போவதாக மாற்றப்பட்டது. விக்டோரியா நாவலில் ஏதாவது ஒன்று சொல்லாமல் நழுவுவது போலத் தோன்றினால், அங்கே ஒரு தள்ளுவண்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

முடிவுகளிலும் இந்த அழுத்தம் உண்டு. பிப்பும் எஸ்டெல்லாவும் தெருவில் சற்று நேரம் சந்தித்துப் பிரிந்துவிடுவதாகத்தான் டிக்கன்ஸ் முதலில் எழுதினார். நண்பர் புல்வர் லிட்டன் சொன்னதன் பேரில், பாழடைந்த தோட்டத்தில் கைகோர்த்து நடக்கும் முடிவாக மாற்றினார். பல பதிப்புகளில் பழைய முடிவும் பின்னிணைப்பாக இருக்கும். இரண்டையும் படித்துவிட்டு, உங்கள் கணக்கு நோட்டுக்கு எது பொருந்துகிறது என்று நீங்களே சொல்லுங்கள். எனக்குப் பழையதுதான்.

எட்டாவது படி: எழுதுவது

கட்டுரையை 1837இலிருந்து தொடங்காதீர்கள். ஒரு சின்னப் பொருளிலிருந்து தொடங்குங்கள். உதாரணமாக இப்படி:

'மேக்விட்ச் எரிப்பது இரண்டு பவுண்டு நோட்டுகளை மட்டும் இல்லை. கடனைத் தீர்த்துவிட்டு விலகிப்போகும் உரிமை தனக்கு இருப்பதாகப் பிப் நினைத்திருந்தான். அந்த நினைப்பையும் எரிக்கிறார். சிறுவயதில் அதே தொகை தேநீர்க் குடுவைக்குள் ஒளித்து வைக்கப்பட்டது. இப்போது மறைக்க இடமில்லை. நாடு கடத்தப்பட்ட ஒருவரின் ஆடு வளர்ப்புப் பணத்தில்தான் லண்டன் ஜென்டில்மேனின் மரியாதை நிற்கிறது என்பதை நாவல் இந்தச் சாம்பல் வழியாகச் சொல்கிறது.'

இந்தப் பத்தியில் பாத்திரம் இருக்கிறது, வாதம் இருக்கிறது, நாடு கடத்தல் தண்டனை என்ற சமூகச் செய்தியும் இருக்கிறது. தனித்தனித் தலைப்பு தேவைப்படவில்லை. தேர்வில் தலைப்புப் போட்டே ஆக வேண்டும் என்றால் போடுங்கள், ஆனால் உள்ளே எழுதுவது இப்படி இருக்கட்டும்.

விமர்சகர்களை முதல் வரைவு முடிந்தபிறகு மட்டும் படியுங்கள். முன்பே படித்தால் அவர்கள் கண்ணாடியைக் கழற்றுவது கஷ்டம். சினிமாவாக எடுத்ததைப் பார்த்துவிட்டு எழுதுவதும் ஆபத்து. எனக்கே ஒருமுறை படத்தில் மட்டும் இருந்த காட்சி கட்டுரைக்குள் வந்துவிட்டது. ஆசிரியர் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்.

அடுத்து எதைப் படிக்கலாம் என்று கேட்டால்: சிரித்துக்கொண்டே கணக்குப் பார்க்கத் தாக்கரேயின் 'வேனிட்டி ஃபேர்'. வருடத்துக்கு ஒரு காசும் வரும்படி இல்லாமல் சொகுசாக வாழ்வது எப்படி என்று அதில் ஓர் அத்தியாயத் தலைப்பே இருக்கிறது. ஆலை முதலாளி, தொழிலாளி இருவர் பக்கமும் நின்று பார்க்கக் காஸ்கெலின் 'நார்த் அண்ட் சவுத்'. கைப்பழக்கம் வந்தபிறகு 'மிடில்மார்ச்'. அது முதலில் எட்டுப் பாகமாக வந்தது, நீங்களும் எட்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம். தொடங்கும்போதே நோட்டில் வங்கிக்காரர் புல்ஸ்ட்ரோடின் பெயரை எழுதி ஒரு முழுப் பக்கத்தைக் காலியாக விட்டுவையுங்கள். ஊரே மதிக்கும் பக்திமான். அவர் காசு எங்கிருந்து வந்தது என்று தெரிய வெகுநாள் ஆகும்.